வேலன் வந்த வீடும் புறநோயாளிகள் பிரிவும்

நம் பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறையும் உளவியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் ஒன்றின் வாசலை மற்றொன்று மிதிப்பதில்லை. ஒருபக்கம் முதுகலை மாணவர் தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தை உரையோடு படிக்கிறார். மறுபக்கம் மருத்துவ உளவியல் மாணவர் நோய் வகைப்பாட்டு நூலையும் வினாப்பட்டியல்களையும் கரைத்துக் குடிக்கிறார். இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தகுதி வேண்டும். நீண்ட காலமாக அது பெரும்பாலும் முதுகலைக்குப் பிந்தைய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பாகவே இருந்துவந்தது. புதிய கல்விக் கொள்கையை ஒட்டி எம்.ஃபில். பட்டமே கைவிடப்பட்டபோது, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அவகாசம் கிடைத்தது. அதன் இடத்தை நிரப்பும் படிப்புகளுக்குப் பாடத்திட்டம் எழுதவேண்டிய நேரம் இது. தமிழ் பேசும் நோயாளிகளைப் பார்க்கப்போகிற மாணவருக்குச் சங்க அகப்பாடல்களில் ஒரு கட்டாயத் தாள் இருக்கவேண்டும் என்று கேட்பதற்கும் இதுவே நேரம்.

இப்படிக் கேட்பவர்கள் வழக்கமாகக் கையிலெடுக்கும் வாதம், இலக்கியம் படித்தால் மனம் இளகும், பிறர் துயரம் புரியும் என்பது. அதை நான் நம்பவில்லை. இலக்கியத் தரமுள்ள கதையைச் சற்று நேரம் படித்தாலே பிறர் மனநிலையை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்று 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஊடகங்கள் கொண்டாடின. அதே சோதனையை 2016-இல் வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2018-இல் வெளியான பெரிய மறுபரிசோதனைத் திட்டத்திலும் அது தேறவில்லை. கவிதை படித்தவர்களெல்லாம் கனிந்த மனத்தினர் என்றால் நம் இலக்கியச் சண்டைகளுக்கு என்ன விளக்கம் சொல்வது? பாடநூலின் முதல் பக்கத்தில் ஒரு குறளைப் பொறித்துவிட்டு மரபைச் சேர்த்தாயிற்று என்று திருப்தி அடைவதையும் நான் கேட்கவில்லை.

பழைய இலக்கியம் மருத்துவருக்குத் தரக்கூடியது வேறொன்று: இதுவரை கவனிக்காத ஒன்றைக் கவனிக்க வைக்கும் கருதுகோள். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் பாஸ்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே. போர்க்காலப் பயத்தின் எச்சமாகவே அவர்களுடைய நோய் பெரும்பாலும் பார்க்கப்பட்டுவந்தது. ஹோமரின் ‘இலியட்’ காவியத்தில் கதை பயத்தில் தொடங்கவில்லை. தளபதி அகமெம்னான், வீரன் அகிலீஸுக்கு முறைப்படி கிடைத்த பரிசைப் பறிக்கிறான். மேலிருப்பவனே முறை தவறியதும் வீரன் படையிலிருந்து ஒதுங்குகிறான். பிறகு உயிர்த்தோழன் பத்ரோக்ளஸ் சாகிறான். அதன்பின் வருவது கட்டற்ற வெறி. தன் முன்னால் உட்கார்ந்த வீரர்கள் சொன்ன கதைகளிலும் இதே வரிசை இருப்பதை ஷே கண்டார். 1994-இல் அவர் வெளியிட்ட ‘வியட்நாமில் அகிலீஸ்’ என்ற நூலிலிருந்து வளர்ந்ததுதான் ‘அறக்காயம்’, அதாவது முறை தவறுவதைக் கண்டு மனத்தில் படும் காயம், என்ற கருத்து. பின்னர் 2009-இல் பிரெட் லிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் அதை மருத்துவ மாதிரியாக வடித்தார்கள், அளவுகோல்கள் வந்தன, ஆய்வுகள் தொடர்கின்றன. காவியம் எதையும் நிரூபிக்கவில்லை. எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டியது. நிரூபிக்கும் வேலையை அறிவியல் எடுத்துக்கொண்டது.

நம் ஊர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பயிற்சி மாணவர் முன்னால் வழக்கமாக நடப்பது என்ன? நோயாளி தனியாக வருவதில்லை. இளம்பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, அம்மா பேசுகிறார்: “சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, மெலிஞ்சுபோயிட்டா, யாரோ என்னவோ பண்ணிட்டாங்க.” அந்தப் பேச்சு மருத்துவருக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல, பாதி மகளுக்கு, கொஞ்சம் வாசலில் நிற்கும் கணவருக்கு. ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு வினாப்பட்டியல் அந்தப் பெண்ணுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை என்பதைச் சரியாக எண்ணித் தரும். யார் பேசினார், யார் காதில் விழவேண்டும் என்று பேசினார் என்பதைப் பதியும் கட்டம் அதில் கிடையாது. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு பாட்டின் உறுப்புகளைப் பட்டியலிடும்போது கூற்று, கேட்போர், களம், காலம், பயன், எச்சம் ஆகியவற்றையும் சேர்க்கிறது. சொல்வது யார், கேட்பது யார், எங்கே, எப்போது, என்ன விளையவேண்டும் என்று, சொல்லாமல் விட்டது எது. அகப்பாடலில் தலைவன் வேலிக்கு அப்பால் நிற்க, தோழி தலைவியிடம் பேசுவதுபோல் அவனுக்குப் பேசுவாள். இதைப் பத்துப் பாட்டில் பிரித்துப் பழகிய காது, அந்த அம்மாவின் பேச்சை ஒரே ஆளுக்குச் சொன்ன தகவலாக எடுத்துக்கொள்ளாது.

வெறியாட்டுப் பாடல்கள் இன்னும் நெருங்கி வருகின்றன. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது. தாய் முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து, முருகன் செயல் என்கிறான். ஆடு பலியாகிறது. உண்மைக் காரணம் மறைவான காதல் என்று தோழிக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்ற அச்சமும் அவளுக்கு உண்டு. வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூற்றுப் பாடல் (22) இதை இன்னொரு படி கொண்டுபோகிறது. வெறியாட்டு நடந்த நள்ளிரவில் காதலன் ஒளிந்து வந்துவிடுகிறான். நோய் தணிகிறது. தனக்கு வந்த நலத்துக்கும் வேலனுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்த தலைவி சிரித்துக்கொள்கிறாள். சிகிச்சை நடந்தது, நோயாளி தேறினாள், ஆனால் சிகிச்சையால் தேறவில்லை. ஆய்வுமுறை வகுப்பில் புள்ளியியல் சூத்திரங்களோடு மாணவர் மல்லுக்கட்டும் சிக்கல் இதுதான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும், 261 அடிகளும், மறைந்திருந்த காரணத்தைத் தோழி செவிலியிடம் வெளியிடும் ஒரே பேச்சு. எடுத்த எடுப்பில் அவள் காதலைச் சொல்லிவிடுவதில்லை. மகளின் நோய் தீர ஊராரைக் கேட்டும் தெய்வங்களை வணங்கியும் நீ படும் பாடு தெரியும் என்று தொடங்குகிறாள். கோபிக்காதே என்று கேட்டுக்கொள்கிறாள். அதன் பிறகுதான் தினைப்புனத்தில் நடந்ததைச் சொல்கிறாள். குடும்பத்திடம் கடினமான செய்தியை எப்படிச் சொல்வது என்று மேற்பார்வையாளர் கற்றுக்கொடுப்பதும் ஏறக்குறைய இந்த வரிசையைத்தான்.

இவை நடந்த சம்பவங்கள் அல்லவே, புலவர்கள் வகுத்துக்கொண்ட மரபுதானே என்று இலக்கியத் துறையிலிருந்தே ஒரு மறுப்பு வரும். உண்மை. இவை நோய் வரலாறுகள் அல்ல. அகத்தில் தலைமக்களின் பெயரைச் சுட்டவே கூடாது என்பது விதி. ஆனால் மருத்துவமனைக்கு வருபவரும் ஊர் வகுத்த அச்சில்தான் துயரத்தைச் சொல்கிறார். நெஞ்சு படபடப்பு, உடம்பு எரிச்சல், கண்ணேறு, செய்வினை என்று எல்லாமே கேட்டுப் பழகிய வடிவங்கள். அச்சு வெளிப்படையாகத் தெரியும் ஒன்றில் பயின்றால், அது மறைந்திருக்கும் இடத்திலும் தேடத் தோன்றும். இங்கே நற்றிணையின் கூற்றுக் குறிப்புகளைச் சொல்லவேண்டும். பாடல்களுக்குக் கீழே பின்வந்தோர் சேர்த்த இந்தக் குறிப்புகள், சில இடங்களில் ஒரே பாட்டுக்கு இரண்டு சூழல்களைத் தந்து, இப்படியும் ஆகும், அப்படியும் ஆகும் என்று விட்டுவிடுகின்றன. கண்முன் இருக்கும் சான்று ஒன்றுதான், பொருந்தும் விளக்கம் இரண்டு. முதல் அமர்விலேயே நோயின் பெயரை எழுதி முடித்துவிடத் துடிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. இந்தத் தாள் வந்தால் ‘தமிழர் மனம்’ என்று ஒன்றைக் கற்பித்து, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று பெருமை பேசும் மேடையாக அது மாறிவிடலாம். நோய்ப்பெயர் ஒன்றையும் நூற்பெயர் ஒன்றையும் ஒட்டித் தலைப்பாக்கி, தலைவியின் பசலைக்கு மனச்சோர்வு என்று முத்திரை குத்தும் ஆய்வேடுகள் இப்போதே உண்டு. அவற்றால் உளவியலுக்கும் பயனில்லை, தமிழுக்கும் பயனில்லை. இன்று திருப்பூர் பின்னலாடைத் தொழிற்சாலையிலிருந்து வரும் பெண் குறிஞ்சித் தலைவியின் வாரிசு அல்ல. பாடல் அவரைப் பற்றி எதையும் சொல்லாது. அவர் பேச்சை எப்படிக் கேட்பது என்பதற்கு மாணவரின் காதைத் தயாரிக்கும், அவ்வளவே. அதுபோல, இந்தத் தாளைப் படித்த தமிழ் மாணவர் ஆலோசகர் பலகை மாட்டிக்கொள்ளவும் கூடாது.

நேரம் எங்கே என்பார்கள். 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் மாறுபட்டாலும் 70 முதல் 92 சதவீதம். இவ்வளவு பற்றாக்குறையில் கவிதை வகுப்பா என்ற கேள்வி நியாயமானது. ஆட்கள் வேண்டும், அவர்களை விரைவாக உருவாக்கவும் வேண்டும். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு பகுதி, குடும்பம் முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதால் வருவது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்காவை நாடி வந்த மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்றில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்த பிறகு, அதுபோன்ற காப்பகங்களை மூடினார்கள். மூடியதால் மக்கள் அங்கே போவது நிற்கவில்லை. வேலனிடம் போய்விட்டு வந்த தாயைக் கேலி செய்யாமலும் வேலன் சொன்னதை ஏற்காமலும் பேசத் தெரிந்தவரிடம்தான் அந்தக் குடும்பம் இரண்டாம் முறையும் வரும்.

ஆகவே தாள் சிறியதாகவே இருக்கட்டும்: ஒரு பருவம், பதினைந்து பாடல்கள், ஒரே வகுப்பில் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் உளவியலாளர் ஒருவரும். திணை, துறைகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் தேர்வு வேண்டாம். கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டு, படிக்காத ஒரு பாட்டைக் கொடுக்கலாம். பேசுபவரும் கேட்பவரும் யாராக இருக்கலாம் என்று இரண்டு சூழல்களை மாணவர் எழுதவேண்டும். அவற்றில் எது சரி என்று முடிவு செய்ய இன்னும் என்ன தெரியவேண்டும் என்பதையும் எழுதவேண்டும். அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் பாதி மதிப்பெண்.