உள்ளாடையும் இல்லத்தில் தைப்போம்

ரவிக்கையை அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளும் நம் மகளிர், மார்க்கச்சை மட்டும் கடையில் கிடைத்த அளவில் வாங்கி, இறுக்கத்தையும் வேர்க்குருவையும் வாய்திறவாது பொறுத்துக்கொள்கின்றனர். இது நாணத்திற்குரிய பேச்சன்று, உடல்நலம் பற்றியது. வீட்டில் இயலுமோ என ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம்: 1914-இல் அமெரிக்கப் பெண்மணி மேரி ஃபெல்ப்ஸ் ஜேகப் காப்புரிமை பெற்ற கச்சு, இரு பட்டுக் கைக்குட்டைகளையும் நாடாவையும் இணைத்து வீட்டில் தைத்துப் பார்த்ததன் விளைவேயாகும்.

நமக்குப் பட்டு வேண்டா. வியர்வையை உறிஞ்சும் பருத்தியே உகந்தது. கைத்தறித் துணியை முதலில் நனைத்து உலர்த்திச் சுருங்கவிட்டு, பின்னர் மூலைவாட்டில் வெட்டினால், அது சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்.

ஆதலின், சங்க விற்பனை நிலையங்கள் மெல்லிய பருத்தித் துணியைச் சிறு துண்டுகளாகவும் விற்று, மகளிர்க்கு வெட்டும் முறையையும் கற்பிக்க வேண்டுகிறோம். உழவர் விளைத்த பஞ்சும் நெசவாளர் உழைப்பும் முதலில் நம் இல்லத்துப் பெண்டிர்க்குப் பயன்படட்டும்.