திரைப்படச் சுவையும் திறனாய்வும்

‘படத்தைப் படமாகப் பார்க்க வேண்டும்’ என்பார் ஒரு சாரார். ‘ஆராயாமல் ஏற்பது அறிவுக்கு அழகன்று’ என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு வேறெங்கோ நடந்தால் கேட்டுவிட்டுப் போய்விடலாம். தாராசுரத்தில் வாழ்வோர்க்கு அஃது இயலவில்லை. 2022 செப்டம்பர் 30 அன்று வெளிவந்த மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ நம் கொல்லைப்புறத்துக் கதையன்றோ! குந்தவை வாழ்ந்ததாகக் கல்கி எழுதிய பழையாறை, இங்கிருந்து மிதிவண்டியில் சென்று திரும்பும் தொலைவிலேயே உள்ளது.

படம் வந்த நாள்களில் தேநீர்க் கடையிலும் பட்டுத்தறி வீடுகளிலும் இதே பேச்சுத்தான். சோழநாட்டுக் கதையை மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா வரை சென்று எடுப்பானேன் என்றனர் சிலர். குந்தவையின் அணிகலன்களைக் கணக்கிட்டனர் சிலர். அக்டோபரில் இயக்குநர் வெற்றிமாறன் ஒரு கூட்டத்தில் பேசியதையொட்டி, இராசராசனின் சமயம் யாது என்னும் விவாதமும் சேர்ந்துகொண்டது. 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தபோது, சேந்தன் அமுதன் முடிசூடும் திருப்பத்தைக் கைவிட்டதற்காகச் சினந்தவர் பலர். படம் எப்படியிருந்தது, எவ்விடத்தில் நெஞ்சு தொட்டது என்று கேட்டால் மட்டும் அவர்களிடம் விடையில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சுட்ட வேண்டும். நாவலுக்கு மாறானது என்று சினந்தவர்களே வரலாற்றுக்கு மாறானது என்றும் சினந்தனர். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த அந்நாவலே வரலாற்றினின்று தாராளமாக விலகியதுதான். நந்தினி முழுக்க முழுக்கக் கற்பனைப் பாத்திரம். இவ்விரு குற்றச்சாட்டுகளும் ஒரே வாயிலிருந்து வருமாயின், பேசுபவர் ஆராயவில்லை, குறை தேடுகின்றார் என்பதே பொருள்.

உண்மையான ஆராய்ச்சி எப்படியிருக்கும்? உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிக்கின்றது. உத்தம சோழனுக்கும் இக்கொலையில் பங்கிருக்கலாம் என்று ஐயுற்றார் நீலகண்ட சாஸ்திரியார். அதனை மறுத்துச் சான்றுகளுடன் வாதிட்டார் நம் திருப்புறம்பயத்து அறிஞர் சதாசிவப் பண்டாரத்தார். இருவரும் கல்லை வைத்துக்கொண்டு பேசினர். காட்சியை நிறுத்தி நிறுத்திக் காதணியை எண்ணுவதை இவ்வரிசையில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

நம் இலக்கண மரபும் சுவைக்கு முதலிடம் தந்ததே. நகை தொடங்கி உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர், உணர்ச்சி உடலில் தோன்றுவதை இலக்கணத்துக்குள் கொண்டுவந்தார். சிரிப்பும் கண்ணீரும் படிப்பறியாதவர்க்கு உரியவை என்று அவர் ஒதுக்கவில்லை. தாராசுரம் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பத்தைக் காணும் சிறுவர், ஓர் உடலைக் கையால் மறைத்து மற்றதைப் பார்த்துச் சிரிக்கின்றனர். எப்படிச் செதுக்கினார்கள் என்ற கேள்வி அதன் பின்னரே பிறக்கின்றது.

ஆயினும் சுவைப்பதென்றால் மூளையைக் கழற்றி வைப்பதென்று கொள்ளலாகாது. ரசிகமணி டி.கே.சி.யைவிடச் சிறந்த சுவைஞர் யார்? அவரே கம்பன் வாக்கெனத் தமக்குத் தோன்றாத பாடல்களை ஒதுக்கிப் பதிப்பித்தார். அத்துணிவை ஏற்காத புலவர் பலர், நானும் ஏற்கேன். எனினும் ரசிகர் என்பவர் எதையும் விழுங்குபவரல்லர் என்பதற்கு அவரே சான்று.

‘வெறும் பொழுதுபோக்குத்தானே’ என்னும் சொல் கேடயமாகும்போது எச்சரிக்கை வேண்டும். 2013 சனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அரசு தமிழகத்தில் தடை விதித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் சில மாற்றங்களுடன் பிப்ரவரி 7 அன்று படம் வெளிவந்தது. தொழுகையும் குண்டுவெடிப்பும் திரையில் அடுத்தடுத்து வருமாயின், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் நண்பன் நம்மைத் திரும்பிப் பார்ப்பான். அப்பார்வையை அறிந்தவனிடம் ‘படத்தைப் படமாகப் பார்’ என்பது எளிது, பார்ப்பது எளிதன்று. ஆகவே அக்கேள்வி நியாயமானது. தடை நியாயமானதா என்றால், இல்லை என்பதே என் கருத்து. தடை வந்ததும் பேச்சு முழுவதும் தடையைப் பற்றியதாயிற்று. காட்சியைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று.

எனவே வகுப்பில் நான் ஒரு முறையைக் கைக்கொள்கின்றேன். ஒரு படத்தைப் பற்றி எழுதுவோர், தம்மை மறந்த ஓர் இடத்தை முதற்பக்கத்தில் குறிக்க வேண்டும். குறையோ, கொள்கையோ, கோட்பாடோ இரண்டாம் பக்கத்தில்தான். முதற்பக்கம் வெறுமையாய் இருப்பின் இரண்டாம் பக்கத்தை நான் படிப்பதில்லை. ‘இது கொடுங்கோன்மை’ என்று மாணவர் முணுமுணுப்பது காதில் விழாமலில்லை!

இம்முறையில் எழுதிய மாணவி ஒருவர், ‘பொன்னியின் செல்வ’னில் இரவிதாசன் தோன்றும் காட்சிகளில் அச்சத்தால் இருக்கை நுனியில் அமர்ந்ததாக எழுதியிருந்தார். இரவிதாசன் மெய்யாகவே வாழ்ந்தவனா என்ற கேள்வி அவருடைய இரண்டாம் பக்கத்தின் முதல் வரி. அடுத்த விடுமுறையில் தோழியர் இருவருடன் காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்தேறி, உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிச் சென்றார். மூவராலும் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க இயலவில்லையாம். கல்வெட்டெழுத்துப் பயிற்சிக்கு எங்கே சேரலாம் என்று இப்போது துறைக்கு வந்து கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.