இரு நாடுகளும் ஒரு புகையும்

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது தமிழர் நாவில் தழும்பேறிய பழமொழி. புகைப்பழக்கத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இப்பழமொழியைச் சொல்லி ஓய்ந்துவிடுவோர் பலர். பழக்கம் மாறாது, மாறாத ஒன்றைச் சட்டத்தால் மாற்ற முயல்வது வீண் வேலை என்பது அவர்தம் முடிவு. இம்முடிவு பிழையானது என்பதை மெய்ப்பிக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் மாவட்டத்து நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த பாகான் செராயிலிருந்து சிங்கப்பூருக்கு வேலை தேடிச் செல்லும் ஓர் இளைஞனை நினைத்துப் பார்த்தாலே போதும்.

ஊரில் இருக்கும் நாளில் அவன் உணவகத்து வாசலில் நின்றபடியே மின்சிகரெட்டை இழுப்பான். உணவகத்திலிருந்து மூன்று மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்னும் விதியை அவன் அறிவான், அறிந்தும் பொருட்படுத்தமாட்டான். கேட்பார் இல்லை. அதே இளைஞன் ஜொகூர் பாலத்தைக் கடக்கும் நாளில் அக்கருவியை அறையிலேயே வைத்துவிட்டுப் புறப்படுகிறான். அக்கரையில் அதனை வைத்திருப்பதே குற்றம் என்பதும், அகப்பட்டால் ஒரு மாத ஊதியமே அபராதமாகப் போய்விடக்கூடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதே மனிதன், அதே நுரையீரல், அதே பெற்றோரின் வளர்ப்பு. இக்கரையில் மாறாது என்று சொல்லப்பட்ட பழக்கம் அக்கரையில் அடங்கியது எங்ஙனம்?

அவன் அஞ்சி அடங்கினானேயன்றித் திருந்தவில்லை என்பாரும் உளர். அது மெய்யே. ஆயினும் புகையை இன்னும் தீண்டாத பதின்மூன்று வயதுச் சிறுவனின் பக்கம் நின்று இதனை நோக்க வேண்டும். மூத்தவன் கையில் கருவி இல்லையெனில் இளையவன் கண்ணில் அது படுவதில்லை. கண்ணில் படாத ஒன்றின்மீது ஆசை எளிதில் பிறப்பதுமில்லை.

சிங்கப்பூரும் மலேசியாவும் 1963 முதல் 1965 வரை ஒரே நாடாக இருந்தவை. அதற்கு முன்னும் ஒரே வெள்ளை ஆட்சியின் நிழலில் வளர்ந்தவை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்னும் மக்களே இரு நாட்டிலும் வாழ்கின்றனர். பாகான் செராயைக் கடந்து தெற்கே ஓடும் இரயில் பாதை 2011ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதிவரை சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் வரைக்கும் சென்றது. ஆகவே இவ்விரு நாடுகளுக்கும் இடையே புகைப்பழக்கத்தில் காணும் வேற்றுமைக்கு இனத்தையோ தட்பவெப்பத்தையோ காரணம் காட்ட இயலாது. அரசு எடுத்த முடிவுகளும் அவற்றைக் காத்து நின்ற உறுதியுமே காரணம்.

பிரிந்து ஐந்தாண்டுகளே ஆன நிலையில், 1970இல், பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைப்பதைச் சிங்கப்பூர் தடுத்தது. அடுத்த ஆண்டே புகையிலை விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. 1986இல் புகைக்காதோர் நாடாவதை இலக்காகக் கொண்ட தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. 2004இல் நோயுற்ற உறுப்புகளின் படங்களை வெண்சுருட்டுப் பெட்டிகளில் பொறிக்கச் செய்தது. ஆசியாவில் இதனை முதலில் செய்த நாடு அதுவே. 2017இல் கடைகளில் அப்பெட்டிகளைக் கண்ணில் படுமாறு அடுக்குவது நின்றது. 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றமாயின. 2019 தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக வயது வரம்பு உயர்ந்து, 2021இல் 21 வயதை எட்டியது. இடையே 2020 ஜூலையில் நிறுவனங்களின் வண்ணங்களும் சின்னங்களும் பெட்டிகளினின்று அகன்றன. இப்படிகளுள் எதனையும் அந்நாடு பின்வாங்கவில்லை. 2010இல் வயது வந்தோருள் 13.9 விழுக்காட்டினர் புகைத்தனர், 2020இல் 10.1 விழுக்காட்டினர்; 2022இல் 9.2 விழுக்காட்டினர்.

மலேசியாவில் சட்டமே இல்லையென்று எவரும் கூறிவிட முடியாது. 1993இலும் 2004இலும் புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2004இல் 'தாக் நாக்' என்னும் பெரும் பரப்புரை நாடெங்கும் முழங்கிற்று. 2005இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை நாடு ஏற்றது. 2009இல் பெட்டிகளில் எச்சரிக்கைப் படங்கள் ஏறின. 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு எல்லா உணவகங்களிலும் ஒட்டுக்கடைகளிலும் புகைத்தல் தடுக்கப்பட்டது. ஆயினும் அதே 2019இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வு, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருள் 21.3 விழுக்காட்டினர் புகைப்பதாகக் கூறியது. ஆடவருள் மட்டும் 40.5 விழுக்காட்டினர். கணக்கெடுக்கும் வயது வரம்பு இரு நாட்டிலும் சற்றே வேறுபடினும், அக்கரையைப் போல் இருமடங்கு புகை இக்கரையில் எழுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஒரு கையால் கதவைச் சாத்தி மறு கையால் சன்னலைத் திறக்கும் போக்கே இதற்குக் காரணம். சிங்கப்பூர் 1971இலேயே விளம்பரத்தை ஒழித்தது. மலேசியாவிலோ 1989இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நாட்டின் காற்பந்துப் போட்டித் தொடரே டன்ஹில் என்னும் வெண்சுருட்டுப் பெயரைச் சுமந்து நடந்தது. பந்து உதைக்கும் வீரனின் வலிமையோடு புகையின் பெயரைச் சேர்த்துப் படித்து ஒரு தலைமுறை வளர்ந்தது. தோட்டப்புறத் திடலில் வெறுங்காலோடு பந்தாடிய தமிழ்ச் சிறுவனும் அத்தலைமுறையைச் சேர்ந்தவனே.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. 2022 ஜூலையில், அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் மக்களவையில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். 2007 ஜனவரி முதல் நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்தோருக்கு எக்காலத்தும் புகைப்பொருள் விற்கலாகாது என்பது அதன் உயிர்நாடி. மசோதா குழுவின் ஆய்வுக்குச் சென்றது. அவ்வாண்டு அக்டோபரில் நாடாளுமன்றமும் கலைந்தது. 2023 மார்ச் 31ஆம் நாள், நிகோட்டின் திரவம் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன்மீது வரி விதிக்க வேண்டும் என்பதே நோக்கம். மறுநாள் வரி வந்தது. மில்லிலிட்டருக்கு நாற்பது காசு. சிறுவருக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் மட்டும் வரவில்லை. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் முதல் நாள். இடைப்பட்ட பதினெட்டு மாதங்கள், நிகோட்டின் கலந்த மின்சிகரெட்டைப் பள்ளிப் பிள்ளைக்கு விற்பதைத் தடுக்க நாடு தழுவிய சட்டம் எதுவும் இருக்கவில்லை. வரி வசூலிப்பதற்கு ஒரு நாள். பிள்ளையைக் காப்பதற்கு ஒன்றரை ஆண்டு. எது அவசரம் எனக் கருதப்பட்டது என்பதை இவ்விரு கணக்குகளே சொல்லிவிடும்.

வந்த சட்டமும் முழுமையாக வரவில்லை. 2023 நவம்பரில் மக்களவை அதனை நிறைவேற்றியபோது தலைமுறைத் தடை என்னும் உயிர்நாடி அறுக்கப்பட்டிருந்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசமைப்பின் எட்டாம் பிரிவுக்கு அது முரண் என்பது சட்டத்துறைத் தலைவரின் கருத்தாகக் காட்டப்பட்டது. இவ்வாதத்தில் சிறிது உண்மை உண்டு. வாகன உரிமத்துக்கான வயது தடை வளர வளர நீங்கும், இத்தடை நீங்காது. ஆனால் ஒருவன் நுரையீரலை அழித்துக்கொள்ள இன்னொருவனுக்கு நிகரான உரிமை பெறுவதுதான் சமத்துவமா? 2007இல் பிறந்தவனுக்கு அச்சட்டம் மறுத்திருக்கக்கூடியது நஞ்சு ஒன்றே. விந்தை என்னவெனில், மலேசியா கைவிட்ட அதே நாளை, 2007 ஜனவரி முதல் நாளை, மாலத்தீவு எடுத்துக்கொண்டது. 2025 நவம்பர் முதல் அந்நாட்டில் அத்தடை நடைமுறைக்கு வந்தது.

இதன் விளைவு பள்ளிக்கூடங்களில் தெரிகிறது. பதின்மூன்று முதல் பதினேழு வயதினரிடம் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வுகளை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 2017இல் அவர்களுள் 13.8 விழுக்காட்டினர் வெண்சுருட்டுப் புகைத்தனர். 2022இல் அது 6.2 விழுக்காடாகக் குறைந்தது. மின்சிகரெட்டோ அதே காலத்தில் 9.8இலிருந்து 14.9 விழுக்காடாக உயர்ந்தது. முதற்கணக்கைக் காட்டி மகிழ்வோர் இரண்டாம் கணக்கை மறைக்கலாகாது. இது நிகோட்டின் திரவம் நச்சுப் பட்டியலில் இருந்த காலத்துக் கணக்கு என்பதையும் மறக்கலாகாது. மருத்துவரும் மருந்தகமும் அன்றி வேறெவரும் விற்கக் கூடாத பொருள் தெருவெங்கும் விற்கப்பட்டது. அவ்விற்பனையைத் தடுப்பதே முறை. தடுக்க இயலாமையைக் காரணமாக்கித் தடையையே எடுத்துவிடுவது, திருட்டு பெருகிற்று என்று பூட்டைக் கழற்றி எறிவதை ஒக்கும்.

சிங்கப்பூர் சிறிய தீவு, அதன் வழி பெரிய நாட்டுக்கு ஒவ்வாது என்பது அடுத்த மறுப்பு. எல்லை காப்பது தீவுக்கு எளிது என்பது சரியே. ஆனால் கடை அடுக்கை மறைக்கவும், பெட்டியின் வண்ணத்தை நீக்கவும், வயது வரம்பை உயர்த்தவும் தீவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடை அடுக்கை மறைக்கும் விதி மலேசியாவிலும் 2025 ஏப்ரலில் வந்ததே! எட்டு ஆண்டுகள் பிந்தி வந்தது என்பதே குறை.

கிளந்தான் புகையிலை விவசாயிகளின் பிழைப்பு கெடும் என்று முன்பு சொல்லப்பட்டது. 1973இல் புகையிலைக்கென அமைந்த தேசிய வாரியமே 2010இல் கெனாஃப் என்னும் நார்ப்பயிரையும் தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. விவசாயிக்கு மாற்றுப் பயிர் உண்டு. நுரையீரலுக்கு மாற்று இல்லை.

வரியை உயர்த்தினால் கள்ளக் கடத்தல் பெருகும் என்று நிறுவனங்கள் அச்சுறுத்துகின்றன. 2015 நவம்பரில் ஒரு வெண்சுருட்டுக்கு நாற்பது காசாகக் கலால் வரி உயர்ந்தபின் கள்ளச் சரக்கு சந்தையில் பாதியைத் தாண்டியது என்பதும் அவை தரும் கணக்கே. சிங்கப்பூரில் வரி பன்மடங்கு கூடுதல். ஆயினும் அங்கே கள்ளச் சரக்கு சந்தையை ஆளவில்லை. ஆகவே குறை வரியில் இல்லை. துறைமுகத்திலும் எல்லையிலும் கடமை தவறும் கைகளில் இருக்கிறது.

சிங்கப்பூரைக் குறையற்ற நாடாகப் புகழ்வதும் அறியாமையே. தடையை மீறி மின்சிகரெட் அங்கும் நுழைந்தது. எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்தைக் கலந்த கருவிகள் இளைஞரிடையே பரவியதால், 2025 செப்டம்பரில் அதனைப் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்க்க நேர்ந்தது. ஓட்டை விழுந்தபோது அவர்கள் வேலியை உயர்த்தினர் என்பதே இதிலிருந்து கற்க வேண்டியது.

இனித் தமிழ்ச் சமுதாயத்துக்கு வருவோம். தாம்பூலத் தட்டில் புகையிலை வைப்பதும், உழைப்பாளி சுருட்டுப் பற்றவைப்பதும் மரபு என்று சிலர் கூறுவர். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கப்பல் ஏறி இந்தியக் கரைக்கு வந்தது. சங்கப் பாடல் எதிலும் அதற்கு இடமில்லை. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் புகையிலையைக் குறிக்காமை, அது அன்று இல்லாமையால்தான். சில நூற்றாண்டுப் பழக்கத்துக்கு மரபு என்னும் மகுடம் சூட்டுவது தமிழுக்குச் செய்யும் அவமதிப்பு.

தோட்டத் தமிழர் மரபில் போற்றத்தக்கது வேறொன்று உண்டு. கிரியான் ஆற்றுக்கு அப்பால் கெடா மாநிலம். அங்கே 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொண்டர் படை என்னும் பெயரில் திரண்ட தோட்டத் தொழிலாளர், ஆட்சியின் துணையோடு நடந்த கள்ளுக்கடைகளை மறித்தனர். காவல் துறையின் அடக்குமுறையை எதிர்கொண்டனர். எழுத்தறிவு குறைந்த, நாட்கூலிக்கு உழைத்த அம்மக்கள், குடிகாரனைத் தூற்றுவதோடு நில்லாமல் கடையை மூடு என்று முழங்கினர். குற்றத்தின் வேர் எங்கே என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

கற்றறிந்த இன்றைய தலைமுறையோ பெரும்பாலும் மாணவனைத் தூற்றுவதோடு நின்றுவிடுகிறது. புத்தகப்பையில் கருவி அகப்பட்டால் பெற்றோரை அழைத்து, ஒழுக்கம் கெட்டவன் என்று முத்திரை குத்துவது எளிது. பழ மணமும் மிட்டாய் நிறமும் கொண்ட அக்கருவியை அவனுக்கு விற்ற கடை மறுநாளும் திறந்திருக்கிறது. அதனைக் குறித்து மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுத்தால் முறையிடும் ஆசிரியர் எத்தனை பேர்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுள் எத்தனையில் இது பொருளாயிற்று? பள்ளி வாயிலுக்கு அப்பால் நின்று தாமே புகைத்துவிட்டு வகுப்பில் நலக்கல்வி நடத்துவோர் சொல்லை எம்மாணவன் மதிப்பான்?

தமிழாசிரியரின் கடமை கட்டுரைப் பயிற்சியில் 'புகைப்பிடித்தலின் தீமைகள்' என்று தலைப்புக் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. மாணவர் ஆண்டுதோறும் அத்தலைப்பில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். எழுதிய கையே மாலையில் கருவியைத் தேடுகிறது. இனி அவர்கள் வேறு தலைப்பில் எழுதட்டும். 2007இல் பிறந்தோருக்கென வகுத்த காப்பு ஏன் அறுக்கப்பட்டது? அதனை மீண்டும் சட்டத்தில் சேர்க்க வேண்டுமா? தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கு அதனை மடலாக எழுதி அனுப்பட்டும். தமிழ் இயக்கங்களும் எழுத்தாளர் சங்கங்களும் அம்மடல்களுக்குத் தம் பெயரைத் துணையாக வைக்கட்டும்.

தலைமுறைத் தடையை மீட்பதும், பிள்ளைகளுக்கு விற்கும் கடையின் உரிமத்தைப் பறிப்பதும், இருக்கும் சட்டத்தைச் சிறுபட்டணங்களிலும் நடைமுறைப்படுத்துவதும் அரசு செய்ய வேண்டியவை. செய்யும்வரை கேட்டுக்கொண்டிருப்பது சமுதாயம் செய்ய வேண்டியது. பாலத்துக்கு அக்கரையில் அடங்கும் புகை இக்கரையிலும் அடங்கும். பாகான் செராய்ச் சிறுவனின் நுரையீரல் சிங்கப்பூர்ச் சிறுவனின் நுரையீரலைவிட மலிவானது என்று ஒப்புக்கொள்வோர் மட்டுமே இனியும் வாளாவிருக்கலாம்.