படம் தானே பேசுமா?

"படம் பொய் சொல்லாது" என்போர் இன்று பெருகிவிட்டனர். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பாராமலே ஸ்கான் அறைக்கு அனுப்பிவிட்டு, அதனை விஞ்ஞானம் என்கின்றனர். அது விஞ்ஞானமன்று, விஞ்ஞானத்தின் பேரால் நிகழும் சோம்பல்.

இரைப்பைப் புண் துளைபட்ட ஒருவரை நிமிர்த்தி எடுத்த மார்பு எக்ஸ்-றேயில், பிரிமென்றகட்டின் கீழே பிறைவடிவில் காற்றுத் தெரியும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யப்பெற்றவரிடத்தும் சில நாள்கள் அதே பிறை தோன்றலாம். அது சிகிச்சையின்போது புகுந்த காற்று, தானே மறையும். குடலில் இட்ட தையல் விட்டுப்போனாலும் அதே பிறைதான். எது எதுவென்று படமா கூறும்? காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் வயிற்றின் இறுக்கத்தையும் அறிந்தவரன்றோ கூறவேண்டும்! 'சத்திரசிகிச்சைக்குப் பின்' என்று மட்டும் படிவத்தில் எழுதியனுப்பினால், படத்தை வாசிப்பவர் எதைக்கொண்டு துணிவார்?

கையே போதுமென்னும் பழமைவாதிகளுக்காக இங்கு வாதாடவில்லை. வயிற்றின் ஆழத்தே திரளும் சீழ்க்கட்டி பெரும்பாலும் கைக்கு அகப்படாது. 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைக் காட்டியது. அதன் வழிவந்த கருவிகளே இன்று அக்கட்டியைக் காட்டி, ஊசிவழி வடிக்கவும் துணைநிற்கின்றன. ஆயினும் எதனைத் தேடுவது என்ற வினா கருவியினுள் பிறப்பதில்லை. வயிற்று ஸ்கான் ஒன்றின் கதிர்ப்போ மார்பு எக்ஸ்-றேயினதிலும் நூறு மடங்கையும் எட்டவல்லது.

வினா எழுதப்படாத படிவத்தை ஸ்கான் அறை ஏற்க மறுக்கட்டும். அவசரமாயின் ஒரு தொலைபேசி அழைப்பில் அதனை நிரப்பிவிடலாமே.