வாயில் அகலம், உள்வழி குறுகல்

முதுகலை முடித்த மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு விளம்பரத் தாளுடன் என்னிடம் வந்தார். ஜெர்மானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மொழியியல் துறை, முனைவர் பட்ட ஆய்வாளர் பணிக்கு விடுத்த அறிவிப்பு அது. “ஐயா, 65 விழுக்காடு கேட்கிறார்கள். எனக்கு 71 விழுக்காடு மதிப்பெண் இருக்கிறது” என்றார் மகிழ்ச்சியோடு. உடன் வந்த தந்தையார் ஒன்றே ஒன்று கேட்டார்: “வேலை நிரந்தரம்தானுங்களா?”

மகன் அந்த எண்ணைத் தவறாகப் படித்திருந்தார். 65 என்பது மதிப்பெண் அன்று. முழுநேரப் பணிக்குரிய நேரத்திலும் ஊதியத்திலும் அவருக்குக் கிடைக்கும் பங்கு. தந்தையார் கேட்டதோ சரியான கேள்வி. அக்கேள்விக்கு நேர்மையான விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நற்செய்தியைச் சொல்லிவிடுவோம். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் முனைவர் பட்ட ஆய்வாளர் பலர் கட்டணம் செலுத்தும் மாணவர் அல்லர். ஊதியம் பெறும் பணியாளர். மருத்துவக் காப்பீடும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் அவர்களுக்கு உண்டு. நெதர்லாந்தில் இப்பணி பெரும்பாலும் நான்காண்டுக் காலத்திற்கு உரியது. தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு நடத்தி, அதில் தேறியவரைத் தொடர விடுகின்றனர். ஜெர்மனியில் அரைப்பணி, முக்கால் பணி என்று பகுத்துத் தருவது வழக்கம். ஊதியம் பகுதி நேரத்திற்கு; உழைப்போ பெரும்பாலும் முழுநேரத்திற்கு. இதனை அந்நாட்டு ஆய்வாளர்களே குறையாகக் கூறி வருகின்றனர்.

இப்பணிகள் எத்தகையோரை நாடுகின்றன? மொழியியல் இன்று ஏட்டோடு மட்டும் நிற்கும் துறை அன்று. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 1980-இல் நிறுவப்பெற்ற மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் ஆய்வு நிறுவனத்தில், குழந்தை மொழி பயிலும் முறையும் மூளை மொழியைக் கையாளும் முறையும் சோதனை வாயிலாக ஆராயப்படுகின்றன. அந்நிறுவனத்து ஆய்வாளர்களும் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சார்ந்தவரும் பங்கேற்ற ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. இருபது திராவிட மொழிகளின் சொற்களை அவற்றைப் பேசுவோரிடமே திரட்டிக் கணித முறையால் ஒப்பிட்ட அந்த ஆய்வு, திராவிட மொழிக் குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. இத்தகைய பணிக்கு இலக்கணப் புலமையோடு களப்பயிற்சியும் புள்ளியியலும் கணினி அறிவும் வேண்டும். தாய்மொழியறிவு நம் மாணவர்க்குக் கிடைத்த முதல். அஃது ஒன்றே போதாது.

ஐரோப்பிய ஒன்றியம் மரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி அம்மையார் பெயரால் வழங்கும் ஆய்வுப் பணிகளும் குறிப்பிடத்தக்கவை. அதன் முனைவர் பயிற்சித் திட்டங்களில் எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், பணி அமையும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தவர் மட்டும் தகுதி இழப்பார். ஆகவே, ‘முதலில் அங்கே சென்று ஏதேனும் படித்துக்கொண்டே வேலை தேடலாம்’ என்று எண்ணுவோர், தமக்குத் திறந்திருக்கும் கதவைத் தாமே அடைத்துக்கொள்ளக்கூடும்.

இதுவரை கூறியது வாயில், அஃது அகலமானது. இனி உள்வழியைக் காண்போம்.

ஜெர்மனியில் 2007-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, பல்கலைக்கழக ஆய்வாளரை முனைவர் பட்டத்திற்கு முன் ஆறாண்டும் பின் ஆறாண்டும் தற்காலிகப் பணியில் வைத்திருக்க இடமளிக்கிறது. வெளிநிதி பெற்ற திட்டங்களில் அதற்கு மேலும் தற்காலிகமாகவே தொடரலாம். பேராசிரியர் நீங்கலாக, 45 வயதுக்கு உட்பட்ட முழுமுதற் பணி ஆய்வாளருள் 92 விழுக்காட்டினர் காலவரையறைக்கு உட்பட்டவரே என 2021-இல் வெளியான அந்நாட்டு அறிக்கை கூறுகிறது. மணமுடித்து மக்களைப் பெற்று, நாற்பதைக் கடந்த நிலையிலும் அடுத்த ஆண்டு எந்த ஊர் என்பதை அறியாத அறிஞர் அங்கே பலர்.

இதற்கு அவர்கள் கூறும் காரணம் உண்டு. பழையவர் நிலைத்து அமர்ந்துவிட்டால் இளையவர்க்கு இடமிராது என்பர். அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் ‘ஹன்னா’ என்னும் கற்பனைப் பெண்ணை வைத்து இதனை விளக்கிப் படம் ஒன்று வெளியிட்டது. 2021-இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் ‘நானே ஹன்னா’ என்று தம் வாழ்க்கையை எடுத்துரைத்து மறுப்புத் தெரிவித்தனர். இளையோர்க்கு இடம் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரைப் பயிற்றுவித்த பின் அவரை வெளியேற்றி, புதியவரைத் தொடக்கத்திலிருந்து பயிற்றுவிப்பது எவ்வகைச் சிக்கனம்?

மொழியியலுக்கு இம்முறை மேலும் தீங்கானது என்பது என் கருத்து. ஒரு மொழியை மூன்றாண்டில் தொடங்கலாம், முடிக்க இயலாது. ஆக்ஸ்போர்டில் 1944 முதல் 1976 வரை வடமொழிப் பேராசிரியராக விளங்கிய தாமஸ் பரோவும், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து எமனோவும் இணைந்து திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதியை 1961-இல் வெளியிட்டனர். அதன் திருத்திய பதிப்பு 1984-இல் வந்தது. நாளைய உணவைப் பற்றிய கவலையின்றி ஒரே பணியில் ஊன்றி நின்றோரால் இயன்ற அருஞ்செயல் அது. மும்மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக அலைபவர் அத்தகைய நூலைத் தொடங்கத் துணிவாரா?

நிலையான இடங்களும் குறைந்து வருகின்றன. தமிழறிஞர் கமில் சுவலபில் பணியாற்றிய உத்ரெக்ட் பல்கலைக்கழகமே 2024-இல் பல மொழிப் பட்டப்படிப்புகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறுபுறம், நிரந்தரம் ஆவதற்கு வழியுள்ள ஆயிரம் பேராசிரியப் பணிகளை உருவாக்க ஜெர்மனி 2017-இல் ஒரு திட்டம் தொடங்கியதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அந்த ஆயிரம் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து வகுத்த எண்ணிக்கையாகும்.

அவ்வாறாயின் நம் மாணவர் செல்ல வேண்டாமா? செல்ல வேண்டும், ஆனால் கண் திறந்து செல்ல வேண்டும். விளம்பரத்தில் நாட்டின் பெயரைப் படிக்கும் முன் மூன்று செய்திகளைத் தேடுக: பணி எத்தனை ஆண்டு? ஊதியம் எத்தனை விழுக்காடு? காலம் முடிந்தபின் நீட்டிப்புக்கோ நிரந்தரத்திற்கோ வழியுண்டா? இம்மூன்றும் தெளிவாக இல்லையெனில் கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்பதனால் எவரும் தாழ்ந்துவிடுவதில்லை.

துறைகளுக்கும் ஒரு கடமை உண்டு. மொழியியல் தாளைத் தேர்வுக்கு மட்டும் கற்பிக்காமல், ஒலிப்பதிவு செய்தல், பேச்சை எழுத்தில் வடித்தல், எளிய புள்ளியியல் ஆகியவற்றை முதுகலையிலேயே பயிற்றுவிப்போமாக.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான்காண்டு கழித்து ஊர் திரும்பும் பிள்ளையை, ‘வேலை போய் வந்துவிட்டான்’ என்று பேசாதீர்கள். அவருடைய ஒப்பந்தம் நிறைவேறியிருக்கிறது. ஒரு நூலும் ஒரு பட்டமும் கையிலிருக்கின்றன. அவருடைய அறிவு இங்கே தொடர்வதற்கு இடமளிப்பது நம் பொறுப்பு.

அந்தத் தந்தையாருக்கு நான் சொன்ன விடை இதுவே: “நிரந்தரம் இல்லை, ஐயா. ஆனால் நல்ல தொடக்கம். திரும்பி வரும் வழியையும் இப்போதே யோசித்து அனுப்புங்கள்.” அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “உண்மையைச் சொன்னீர்களே, அது போதும்” என்றார். மகன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார்.