வரி வழக்குக்கும் கெடு வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைபேசி ஆலை, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை தந்தது. 2013இல் வருமான வரித் துறை அந்த நிறுவனத்திடம் சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டது. மென்பொருளுக்காக ஃபின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணம் ராயல்டி; அதற்கு வரி பிடித்திருக்க வேண்டும் என்றது துறை. இரு நாட்டு வரி ஒப்பந்தம் அதற்கு இடம் தரவில்லை என்றது நிறுவனம்.

ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்டுக்கு ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நோக்கியா தரவில்லை. 2014 ஏப்ரலில் கைமாறிய சொத்துகளில் இந்த ஆலை இல்லை. மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி (வாட்) கோரிக்கையும் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஆலை மூடியது. வரி வழக்கு மட்டுமே காரணமல்ல. ஆனால் ஆலையை இன்னொருவர் எடுத்து நடத்தும் வழியை அடைத்தது அதுதான்.

வழக்கு எப்படி முடிந்தது? இந்திய, ஃபின்லாந்து அதிகாரிகள் நேரடியாகப் பேசி முடித்தார்கள். 2018இல் நோக்கியா 20.2 கோடி யூரோ, ஏறக்குறைய 1,600 கோடி ரூபாய் செலுத்தியது. பேச்சுக்கான வழி வரி ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதன் பெயர் பரஸ்பர உடன்பாட்டு நடைமுறை. தலபுராணத்தின் நாக அரசர்கள் சங்கனும் பதுமனும், பெரியவர் சிவனா திருமாலா என்று வாதிட்டதற்கு, இருவரும் ஒன்றே என்று காட்டிய சங்கரன்கோவில் மண்ணுக்கு இத்தகைய தீர்வு புதிதல்ல. ஆனால் உடன்பாடு வந்தபோது, ஆலை மூடி மூன்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

பேச்சை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இன்றும் இல்லை. சராசரியாக 24 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்றது 2020இல் திருத்திய வருமான வரி விதி. கட்டாய நடுவர் தீர்ப்பை இந்தியா ஏற்கவில்லை. வரி விதிக்கும் இறையாண்மையை வெளிநாட்டு நடுவரிடம் ஒப்படைக்கத் தயங்குவது நியாயமே. வோடஃபோன் வரி வழக்கில் 2020இல் ஹேக் நடுவர் மன்றம் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்த அனுபவமும் உண்டு. ஆனால் நடுவரை மறுக்கும் அரசு, தானே விரைந்து பேச வேண்டும். தாமதத்துக்கு இறையாண்மை காரணமாகாது.

மூன்று மாற்றங்கள் போதும். கெடு தாண்டிய ஒவ்வொரு வழக்குக்கும் காரணத்தைப் பதிவு செய்து, எண்ணிக்கையை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். சர்ச்சையிலுள்ள வரிக்குத் தனிக் கணக்கில் ஈடு வாங்கிக்கொண்டு ஆலையைக் கைமாற விட வேண்டும். ஈட்டின் அளவு ஆலையையே முடக்கும் அளவாக இருக்கக் கூடாது. பன்னாட்டு நிறுவனங்களின் உள் பரிமாற்ற விலை குறித்து இரு நாடும் சேர்ந்து முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யும் திட்டம் 2012 முதல் இருக்கிறது. அதற்குக் கூடுதல் அதிகாரிகளைத் தர வேண்டும்.

விசைத்தறிக் கூலி போதாமல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிள்ளைகள் தொழிற்பேட்டைகளை நோக்கிப் போகிறார்கள். வரி வழக்கில் அவர்கள் கட்சிக்காரர்கள் இல்லை; ஆனால் தாமதத்தின் விலையை முதலில் கட்டுவது அவர்கள்தான். அரசுக்கு வர வேண்டிய வரியை ஒரு ரூபாய் விடாமல் கேட்கட்டும். கேட்கும் நாளிலேயே எதிர் நாட்டுடன் பேச்சையும் தொடங்கட்டும்.