பிறர் களஞ்சியமும் நம் குதிரும்

எடிசன் நகரின் ஓக் ட்ரீ சாலையில் மாலையில் உலவும் தமிழர்களுள் கணிப்பொறித் தொழில் புரிவோர் பலராதலின், அவர்தம் நித்தியக் கவலைகளுள் ஒன்றைப் பொதுஜனங்களின் முன் வைப்பது பொருந்தும்.

இக்காலத்து மென்பொருள், பிறர் எழுதிய சிறு தொகுப்புகளை இணையக் களஞ்சியங்களிலிருந்து தருவித்து, இயந்திரமே இடையறாது கட்டிச் சோதிக்கும் மாளிகை. ஒரு செங்கல்லை அதன் கர்த்தா திரும்பப் பெற்றாலும் அம்மாளிகை எழும்பாது. 2016 மார்ச் 22 அன்று, ஒரு பெயரைப் பற்றிய விவாதத்தால் மனங்கசந்த நிரலாளர் ஒருவர், கலிபோர்னியாவின் ஓக்லாந்தைச் சேர்ந்த என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து தம் படைப்புகளை விலக்கிக்கொள்ள, அவற்றுள் சொல்லின் இடப்புறம் இடைவெளி நிரப்புவதையன்றி வேறறியாத 11 வரி ‘லெஃப்ட்-பேட்’ மறைந்தமையால், உலகெங்கும் கட்டுமானங்கள் ஸ்தம்பித்தன. களஞ்சியத்தார் அதனை மீட்டு, நீக்கும் உரிமையையும் பின்னர்ச் சுருக்கினர்.

எனினும் பிறர் விதியை நம்பியிருத்தல் விவேகமன்று. தொகுப்புகளின் பிரதியைச் சொந்தக் களஞ்சியத்தில் சேமித்து, பதிப்பெண்ணையும் சரிபார்ப்பு முத்திரையையும் பூட்டி வைத்தல் வேண்டும். பழம்பிரதியில் பாதுகாப்புக் குறைகள் தங்கிவிடும் என்பர், மெய்தான். ஆயினும், நாம் தேர்ந்த நாளில் புதுப்பிப்பது வேறு, பிறர் சினந்த நாளில் தவிப்பது வேறு.

இந்நகருக்குப் பெயர் தந்த தாமஸ் ஆல்வா எடிசன், 1879இல் இங்குள்ள மென்லோ பார்க்கில் மின்விளக்கைச் சமைத்தபோது, கண்ணாடிக் குமிழ் ஊதுபவரையும் தம் கூடத்திலேயே வைத்திருந்தார். விதைநெல்லைச் சொந்தக் குதிரில் காத்த உழவர் மரபினரான நமக்கும் இது புதிதன்று.